முகம் கறுத்துப் போச்சே! குற்றவாளி யார்?

“இன்னாடா இது? வானத்துல மேகம் கூடத் தெரியுது. என் மூஞ்சியக் காணோமே!”

“உங்க கலர் அப்படி மாமா. அதுக்கு போன் இன்னா பண்ணும்?”

செஞ்சிக் கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். இந்தப் பேச்சு எந்தக் கூட்டத்தில் இருந்தாவது காதில் விழும்.

வல்லம், தீவனூர், மேல்மலையனூர் பக்கத்து ஜனங்கள் மோட்டார் சைக்கிளிலும் பஸ்சிலும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். 2025 ஜூலையில் ‘மராட்டியர் படைத்தளங்கள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதில் தமிழ்நாட்டில் இருந்து இடம் பிடித்தது செஞ்சி ஒன்றுதான்.

வருகிறவர்கள் எல்லாம் கல்யாண மஹால் பக்கம் நின்று, ராஜகிரி மலை பின்னால் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கிறார்கள். சாயங்காலம் சூரியன் இறங்குவது அந்த மலைப் பக்கம்தான். படத்தில் மலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, ஆள் மட்டும் நிழல் மாதிரி நிற்கிறார்!

பழி யார் மேல்? அவர் முகத்தின் மேல். இது சுத்தப் பொய்ப் புகார்.

உள்ளே இருக்கும் ஆசாமி

காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மாமாவும் தெரியாது, மலையும் தெரியாது. எதிரே இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் மொத்தமாக அளந்து பார்க்கும். கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் நடுத்தரமான சாம்பல் நிறத்துக்குப் படத்தைக் கொண்டு வரப் பார்க்கும். அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

படத்தில் பாதிக்கு மேல் வானமாக இருந்தால், “அடேயப்பா, வெளிச்சம் ஜாஸ்தி” என்று தானே குறைத்துவிடும். வானம் அழகாக வரும். மாமா கறுத்துப் போவார். சிவப்பான ஆள் நின்றாலும் கதி இதுதான்.

முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற போன்கள் இப்போது வந்துவிட்டன. சூரியன் நேர் பின்னால் இருந்தால் அவையும் தடுமாறுகின்றன.

போன் திரையில் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அநேகமாக எல்லா போனிலும் பக்கத்தில் சின்னதாக ஒரு சூரியன் படம் வரும். அதை மேலே தள்ளினால் முகம் வெளுக்கும், கீழே தள்ளினால் கறுக்கும். காமிரா வைத்திருப்பவர்கள் கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானைத் தேட வேண்டும். கூட்டல் 1 என்று வைத்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு.

இன்னும் சுலபமான வழி, காலையிலேயே வந்துவிடுவது. அப்போது வெயில் கிழக்கே இருந்து மலை மேலும் முகத்தின் மேலும் சேர்ந்தே விழும்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் கோட்டையில் நடக்கிறது. கரும்பாறை முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் நிற்கிறார். பாறையைப் பார்த்து ‘இருட்டு’ என்று நினைத்த காமிரா வெளிச்சத்தை ஏற்றிவிடும். வேட்டியில் மடிப்புகூடத் தெரியாமல் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். இங்கே கழித்தல் 1.

பழைய வழக்கு

‘கறுப்பா விழுந்துட்டேன்’ என்ற குறை இன்று நேற்று வந்தது அல்ல. ஆக்பா கிளிக் 3 என்ற பெட்டிக் காமிரா ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஒரு பிலிம் ரோலுக்கு 12 படம். ‘வெயில்’, ‘மேகம்’ என்று இரண்டே நிலைதான். தப்பாகத் தள்ளிவிட்டால் கழுவி வந்த பிறகுதான் சங்கதி தெரியும். அந்தக் குறையை ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவ் மேல் பென்சிலால் தீட்டிச் சரிக்கட்டினார்கள். முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு.

கலர் பிலிம் வந்தபோது விஷயம் இன்னும் மோசம். அமெரிக்காவின் கோடக் கம்பெனி, நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை ஸ்டூடியோக்களுக்கு அனுப்பி வந்தது. அதற்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அவள் முகம் நன்றாக விழுந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்! கறுப்பு, மாநிற மக்கள் எப்படி விழுந்தார்கள் என்று கேட்பார் இல்லை. பழுப்பு நிறத்தின் ஏற்ற இறக்கம் படத்தில் சரியாக வரவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச் சாமான் கம்பெனிகளும் குறை சொன்ன பிறகே பிலிமைத் திருத்தினார்கள் என்பது இந்தத் துறையை ஆராய்ந்தவர்கள் சொல்லும் செய்தி. மனிதன் சொன்னபோது ஏறவில்லை, மிட்டாய்க்காரன் சொன்னதும் ஏறியது!

கறுத்த முகங்களைச் சரியாகக் காட்டுகிறோம் என்று கூகுள் கம்பெனி தன் போனுக்குத் தனியாக விளம்பரம் செய்தது 2021-ல்தான்.

குழாயடிக் கணக்கு

காமிராவில் ஏ, எஸ், பி, எம் என்று எழுத்து போட்ட சக்கரத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். இது குழாயடியில் குடம் பிடிக்கிற கணக்குத்தான்.

குழாயின் வாய் எவ்வளவு பெரியது? அது ‘அபர்ச்சர்’. எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? அது ‘ஷட்டர்’. குடம் பெரிசா, சொம்பா? அது ‘ஐ.எஸ்.ஓ.’. ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றினால் சொம்பு வைத்த மாதிரி, சீக்கிரம் நிறையும். ஆனால் படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி விழும்.

ஏ-யில் வாயை நீங்கள் சொல்லலாம், நேரத்தைக் காமிரா பார்த்துக்கொள்ளும். எஸ்-ஸில் நேரம் உங்கள் கையில். பி-யில் இரண்டையும் அதுவே செய்யும். எம்-மில் எல்லாம் உங்கள் தலையில். கேனான் காமிராவில் ஏ.வி., டி.வி. என்று இருக்கும், வேலை ஒன்றுதான்.

எம்-மைத் தொட்டால்தான் போட்டோகிராபர் என்று சிலர் மீசையை முறுக்குகிறார்கள். வீட்டுப் படத்துக்கு அது வேண்டாத வேலை. பி-யில் வைத்துக் கூட்டல் கழித்தல் பொத்தானைப் பழகினாலே முக்கால்வாசிப் படம் தேறும். ஓடுகிற குழந்தைக்கு எஸ், வினாடியில் 500-ல் ஒரு பங்கு.

மீட்டரே இல்லாத காலத்தில் பழையவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பளீர் வெயிலில் அபர்ச்சர் 16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 125-ல் ஒரு பங்கு. செஞ்சி வெயிலுக்கு இன்றைக்கும் அது பொய்க்காது.

அமாவாசை ராத்திரி

மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தில் ஆயிரம் கைகள் போனோடு உயரும். பாதிப் போனில் பிளாஷ் பளிச்சிடும். போன் விளக்கின் வெளிச்சம் சில அடி தூரம்தான் உருப்படியாகப் போகும். முன்னால் நிற்பவரின் பின்மண்டை பிரகாசிக்கும், அம்மன் இருட்டில்! பிளாஷை அணைத்து, அம்மன் மேல் தட்டி எடுத்தாலே கொஞ்சம் தேறும். காமிரா என்றால் ஐ.எஸ்.ஓ. 1600, 3200 என்று துணிந்து ஏற்றலாம். போனில் இருக்கிற ‘நைட் மோடு’ பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது. ஊஞ்சல் ஆடும்போது அது கலங்கிப் போகும்.

ஆபீஸ் வேலைக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். பட்டா, ரசீது, சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினால் வெள்ளைக் காகிதம் அழுக்குச் சாம்பலாக வருகிறது. ‘தெளிவாக இல்லை’ என்று மனு திரும்பி வந்தால் மறுபடி அலைச்சல். ஜன்னல் ஓரம் வைத்து, சூரியனைக் கொஞ்சம் மேலே தள்ளி எடுத்தால் காகிதம் வெளுக்கும், எழுத்து நிற்கும்.

ராத்திரி இடித்துவிட்டு நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட் வேறு ரகம். ஒளியைத் திருப்பி அடிக்கிற தகடு அது. பிளாஷ் போட்டால் முழுக்க வெள்ளை, நம்பர் மாயம், போலீசில் காட்ட ஒன்றும் இருக்காது. பிளாஷ் இல்லாமல், பிளேட் மேல் தட்டி, சூரியனைக் கீழே இழுக்க வேண்டும். வண்டி ஓடிக்கொண்டு இருந்தால் நம்பரை வாய்விட்டுப் படித்து மனதில் வைப்பதே மேல்.

கோட்டையில் மருமகப் பிள்ளை மாமாவின் முகத்தில் தட்டி, சூரியனை மேலே தள்ளி இன்னொரு படம் எடுத்தார். மாமா பளிச்சென்று விழுந்தார், நெற்றி விபூதிகூடத் தெரிந்தது. ஆனால் வானம் வெளுத்துப் போய் மேகம் ஓடிவிட்டது.

“மேகம் போச்சே மாமா!”

“போனாப் போவுதுடா. மேகத்த யாரு கேட்டா?”