குஷனைத் தராசில் வைத்துப் பாருங்கள்

பெருநாளைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் கடையில் செட்டி வேலைகள் குவியத் தொடங்கிவிடும். மரச் சட்டத்துக்கு வார்னிஷ் அடித்து, உறையை மாற்றி, உள்ளே இருக்கும் குஷனையும் புதிதாகப் போட்டுத் தரும்படி கேட்பார்கள். உறைத் துணியைத் தெரிவு செய்ய ஒரு மணித்தியாலம் செலவிடுபவர்கள், உள்ளே என்ன போடுவது என்பதை மட்டும் "நல்லதாப் பார்த்துப் போடுங்க நானா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். கழற்றிக் கழுவும் உறை என்றால் அதை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். காசு வீணாவது உள்ளே இருப்பதில்தான்.

இந்த விடயத்தில் நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். வயதான உம்மா ஒருவர் ஆறு குஷன் மாற்றிக்கொண்டு போனார். எட்டு மாதத்தில் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். நடுவில் பீங்கான் போலப் பள்ளம். "மகன், இருந்தாப் பலகை குத்துது" என்றார். எனக்கு விற்றவர் அதை 'ஹார்ட்' என்றுதான் சொன்னார். நானும் கையால் அமுக்கிப் பார்த்து நம்பினேன். அவர் சொன்னது பொய்யுமல்ல. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. ஆறையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன், அந்த மாத இலாபம் அதிலேயே போயிற்று.

ஸ்பொஞ்ச் என்று நாம் சொல்லும் பொலியூரித்தேன் போமில் கடினம் வேறு, அடர்த்தி வேறு. கடினம் என்பது அமுக்கும்போது கைக்குத் தெரிவது. அடர்த்தி என்பது ஒரு கன மீற்றரில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்பது. தயாரிக்கும்போது கலவையை மாற்றினால் பாரம் குறைந்த ஸ்பொஞ்சையும் கடினமாக்கலாம். ஆனால் அதன் குமிழிகளின் சுவர் மெல்லியது. தினமும் ஆள் இருந்து எழும்பும்போது அது தளர்ந்து நொறுங்கிவிடும். குஷன் எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடர்த்திதான்.

இதைப் பரீட்சிக்கச் சமையலறைத் தராசு போதும். 22 அங்குலச் சதுரமும் 4 அங்குலத் தடிப்பும் உள்ள குஷன், அடர்த்தி 16 என்றால் அரைக் கிலோ அளவில் நிறுக்கும். 24 என்றால் முக்கால் கிலோ. 32 என்றால் ஒரு கிலோ. அந்த உம்மா கொண்டு வந்ததை அன்றுதான் தராசில் வைத்தேன்: அரைக் கிலோவும் சொச்சமும். வீட்டில் எல்லோரும் இருந்து எழும்பும் ஆசனத்துக்கு 28க்குக் கீழே நான் இப்போது போடுவதில்லை. ஆள் வந்தால் மட்டும் திறக்கும் முன்னறைக்கு 24 போதும், அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. பாரம் காட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்த ஸ்பொஞ்சும் சந்தைக்கு வருகிறது. வெட்டிய பக்கத்தை விரலால் தேய்த்து, மாவு போல ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

ஸ்பொஞ்சின் மூலப்பொருள் இறக்குமதியாவது. 2022ஆம் ஆண்டு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயையும் தாண்டியபோது அதன் விலை எங்களைக் கலங்கடித்துவிட்டது. நம் நாட்டு இறப்பர் பாலில் செய்யும் லேட்டெக்ஸ் அப்போதுதான் பலருக்கு ஞாபகம் வந்தது. அது விலை கூட, பாரமும் கூட. ஆனால் பள்ளம் விழுவது மிகக் குறைவு. முழங்கால் நோ உள்ளவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். தும்பு மெத்தை காற்றோட்டமானது, மலிவானது. ஆனால் தனியாகப் போட்டால் உடம்பை உறுத்தும். மேலே ஓர் அங்குல ஸ்பொஞ்ச் வைக்க வேண்டும். இலவம் பஞ்சு சாய்மானத் தலையணைக்கு மட்டும். ஆசனத்துக்குப் போட்டால் சில மாதத்தில் கட்டி கட்டியாகிவிடும். பொலியஸ்டர் பஞ்சும் சாய்மானத்துக்கே. கழுவலாம் என்பது அதன் வசதி.

அளவு எடுக்கும்போது பழைய குஷனை அளக்காதீர்கள். அது ஏற்கெனவே சுருங்கியது. உறையைத்தான் அளக்க வேண்டும். பருத்தி உறையானால் தைப்பதற்கு முன் துணியை ஒரு தடவை நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே சிப் பூட்ட முடியாமல் போகும். ஸ்பொஞ்சை உறையை விட நீளத்திலும் அகலத்திலும் அரை அங்குலம் கூட்டி வெட்டினால் மூலைகள் நிரம்பி நிற்கும். தடிப்பைக் கூட்டும்போது மட்டும் யோசியுங்கள். 4 அங்குலம் இருந்த இடத்தில் 6 வைத்தால் ஆசனம் உயர்ந்து, குள்ளமானவர்களின் கால் நிலத்தில் படாது.

மெல்லிய பருத்தித் துணியில் ஓர் உள்ளுறையும் தைத்துக்கொள்ளுங்கள். செலவு சொற்பம். மேலுறையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்பொஞ்ச் கிழிபடாது, பஞ்சும் வெளியே வராது.

எங்கள் வீடுகளில் உறையைக் கழுவும் நாளில் குஷன்களையும் வரிசையாக முற்றத்து வெயிலில் அடுக்கும் பழக்கம் இருக்கிறது. பஞ்சுக்கும் தும்புக்கும் வெயில் நல்லது. ஸ்பொஞ்சும் லேட்டெக்ஸும் வெயில் பட்டால் மஞ்சளாகி உதிர்ந்து போகும். அவற்றை நிழலில் காற்றுப்பட வையுங்கள்.

இப்போது எங்கள் கடைப் பற்றுச்சீட்டில் குஷனின் அளவோடு அடர்த்தியையும் நிறையையும் எழுதிக் கொடுக்கிறோம். நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் அப்படி எழுதித் தரும்படி கேளுங்கள். அந்த உம்மாவின் மகள் போன நோன்பில் வந்தபோது, சீட்டை வாங்கி வைத்துவிட்டுத் தராசையும் கொண்டு வரச் சொன்னார்.