கோடு போட்டால் பாட்டு வரும்!

மதுரையில் இருந்து கோவில்பட்டி, கடம்பூர் வழியாக வரும் தண்டவாளம் மணியாச்சி ஜங்ஷனில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தூத்துக்குடிக்குப் போகிறது. மற்றொன்று நெல்லைக்குப் போகிறது.

ரெயில் தானாக வழி தேடிப் போவது இல்லை. பாயிண்டை எந்தப் பக்கம் திருப்பி வைத்து இருக்கிறார்களோ, அந்தப் பக்கம் போகும். அவ்வளவுதான்!

இதே முறையில் சங்கீதம் செய்ய முடியும் என்றால் நம்புவீர்களா?

முடியும்! ரெயிலுக்குப் பதிலாக ஓடுவது ஒலி. தண்டவாளத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் திரையில் போடும் கோடு. ஒலி எங்கே பிறக்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினால் போதும். கம்ப்யூட்டர் பாடும்!

கட்டமும் கோடும்

இப்படிப் பாட வைக்கும் சாப்ட்வேர்களில் ஒன்று "பியூர் டேட்டா". மில்லர் பக்கெட் என்ற அமெரிக்கர் 1996-ம் ஆண்டில் இதை உருவாக்கினார். விலை என்ன தெரியுமா? ஒரு காசு கூடக் கிடையாது! இன்டர்நெட்டில் இருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பழைய கம்ப்யூட்டர் கூடப் போதும்.

அதைத் திறந்தால் வெள்ளைத் தாள் போல ஒரு பக்கம் வரும். அதில் ஒரு கட்டம் போட வேண்டும். கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் "ஆஸ்க்" என்று எழுதி, பக்கத்தில் ஓர் அலைக்குறி போட்டு, 200 என்று எழுத வேண்டும். "விநாடிக்கு 200 தடவை அதிரு" என்று அதற்கு அர்த்தம்.

கீழே இன்னொரு கட்டம். அதன் பெயர் "டேக்". ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. மேல் கட்டத்தில் இருந்து கீழ்க் கட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தால், ஒலி கிளம்பிவிடும்.

அவசரப்பட வேண்டாம்! அப்படியே நேராகக் கோடு இழுத்தால் காது பிளந்துவிடும். நடுவில் ஒலியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கட்டம் ஒன்றைப் போட்டு, அதன் வழியாக அனுப்ப வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் இதை மறந்துவிட்டுத்தான் திடுக்கிடுகிறார்கள்.

இப்போது "ம்..." என்று ஒரு நாதம் கேட்கும். பக்கத்திலேயே 201 என்று இன்னொரு கட்டம் போட்டு, அதையும் இணைத்துவிட்டால் வேடிக்கையைப் பாருங்கள்! இரண்டு ஒலியும் தனித்தனியாகக் கேட்காது. ஒரே ஒலி விநாடிக்கு ஒரு முறை பெருத்துச் சிறுக்கும். தம்பூராவுக்குச் சுருதி கூட்டுகிறவர்களுக்கு இது புதிது அல்ல. இரண்டு தந்திகளும் நெருங்க நெருங்க, அந்த அலை மெதுவாகும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் அலை நின்றுவிடும்.

இவ்வளவு தெரிந்தால் ஒரு தம்பூராவே செய்துவிடலாம். தம்பூராவுக்கு நான்கு தந்திகள். சட்சமத்தை 200 என்று வைத்துக்கொண்டால், முதல் தந்தி கீழ்ப் பஞ்சமம், 150. நடுத் தந்திகள் இரண்டும் 200. கடைசித் தந்தி கீழ்ச் சட்சமம், 100. நான்கு கட்டங்கள்! அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிவிட, கடிகாரம் போல ஓடும் "மெட்ரோ" என்ற கட்டம் இருக்கிறது.

ஆனால் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். உப்பு இல்லாத பத்தியச் சாப்பாடு! தம்பூராவின் குதிரையில், தந்திக்கு அடியில் ஒரு நூல் வைப்பார்களே, அந்த ஜீவா நூல் இல்லாத குறை அது. ஒரு தந்தி 100 தடவை அதிரும்போது அதனுடன் 200, 300, 400, 500 என்று துணை ஒலிகளும் எழும்புகின்றன. அவற்றைப் பளிச்சென்று வெளியே கொண்டு வருவது அந்த நூல்தான். அதனால் துணை ஒலி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட வேண்டும். கட்டங்கள் பெருகும். கோடுகள் அவரைக் கொடி போலப் படரும். நாதத்தில் மெல்ல உயிர் வரும்.

இதில் பெரிய சௌகரியம் என்னவென்றால், ஒலி கேட்டுக்கொண்டு இருக்கும்போதே கோட்டை எடுக்கலாம், வேறு இடத்தில் போடலாம். தப்பாகப் போட்டால் அந்த நிமிடமே காது சொல்லிவிடும்.

ஆமதாபாத்தில் நடந்த அதிசயம்

திரையில் போடும் இந்தக் கோடு, ஒரு காலத்தில் நிஜ வயராக இருந்தது.

1964-ம் ஆண்டில், அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் மோக் என்ற என்ஜினீயர் ஓர் இசை எந்திரம் செய்தார். பார்ப்பதற்குப் பீரோ போல இருக்கும். முகப்பு முழுவதும் திருகுகளும் துளைகளும்! ஒரு பெட்டி ஒலியைப் பிறப்பிக்கும். ஒரு பெட்டி அதை வடிகட்டும். ஒரு பெட்டி அதைப் பெருக்கும். எந்தப் பெட்டியை எதனுடன் சேர்ப்பது என்பதை, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் செய்தது போல, வயரை மாட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த வயருக்குப் "பாட்ச் கார்டு" என்று பெயர். இன்றும் திரையில் போடும் படத்தைப் "பாட்ச்" என்றே சொல்லுகிறார்கள்.

அந்த எந்திரம் 1969-ம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது!

வந்த இடம், ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகம். அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். ராக்கெட் விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி. மிருதங்கம் போன்ற வடநாட்டு வாத்தியமான பக்கவாஜை, பெண்கள் தொடாத காலத்தில் வாசித்தவர். 1946-ம் ஆண்டில் அவர் நியூயார்க் போனபோது, ஜான் கேஜ் என்ற இசை அமைப்பாளரைச் சந்தித்தார். அவர் இவருக்கு மேல்நாட்டு இசையைக் கற்றுக்கொடுத்தார். இவர் அவருக்கு நம் இசையைக் கற்றுக்கொடுத்தார்.

அந்த ஜான் கேஜின் கூட்டாளியான டேவிட் டியூடர் என்பவர்தான், ஆமதாபாத்துக்கு வந்து எந்திரத்தை நிறுவி, வயர் மாட்டும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்.

கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா, எஸ். சி. சர்மா ஆகியோர் அதில் இசை அமைத்தார்கள். மனிதன் சந்திரனில் கால் வைத்த காலம் அல்லவா? ஜோஷிபுரா தம் இசைக்கு "ஸ்பேஸ் லைனர் 2001" என்று பெயர் வைத்தார்!

சில ஆண்டுகளில் எல்லாம் நின்றுவிட்டது. ஒலிநாடாக்கள் அலமாரிக்குள் போயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றை யாரும் தேடவில்லை. பிறகு, பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் கலைஞர் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார். 2023-ம் ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தபோதுதான், இப்படி ஒன்று நடந்ததே பலருக்குத் தெரிந்தது.

அலமாரிக்குள் போனது நாடா மட்டும் அல்ல. கற்ற வித்தையும்தான்! ஒரே எந்திரம். அது இருந்தது ஒரே ஊரில். அடுத்த ஆள் எங்கே போய்ப் பழகுவது?

1980-ம் ஆண்டுகளில், பாரிஸ் நகரின் "இர்காம்" இசை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோது, பக்கெட் அந்த வயரைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டு வந்தார். அதற்கு "மேக்ஸ்" என்று பெயர். 1957-ம் ஆண்டிலேயே கம்ப்யூட்டரை இசைக்க வைத்த மேக்ஸ் மாத்யூஸ் என்ற அமெரிக்கரின் நினைவாக வைத்த பெயர் அது. அதன் தம்பிதான் பியூர் டேட்டா.

பிடில் வந்த கதை

"இதெல்லாம் நம்ம சங்கீதமா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதில் மணியாச்சிக்கு வடக்கே, எட்டயபுரத்தில் இருக்கிறது! முத்துசாமி தீட்சிதர் 1835-ம் ஆண்டில் உயிர் நீத்த ஊர் அது. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர், சென்னையில் வெள்ளைக்காரர்களின் பிடிலைக் கற்றுக்கொண்டு, நம் இராகங்களை அதில் வாசித்தார். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். அன்று அந்நிய வாத்தியம். இன்று பிடில் இல்லாமல் கச்சேரி உண்டா?

பிடில் நம்முடையது ஆனதற்குக் காரணம், அதில் கமகம் பேசும். விரல் வழுக்கிக்கொண்டு போகும்.

பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். இந்தச் சுரத்தை இப்படி அசைக்க வேண்டும், இதை இப்படி வழுக்க வேண்டும் என்று, கமகங்களுக்கே தனித்தனிக் குறிகள் போட்டு ஒரு பெரிய புத்தகம் எழுதினார். "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்று பெயர். 1904-ம் ஆண்டில் எட்டயபுரத்திலேயே அச்சாயிற்று. கரிசல் காட்டில் அச்சான சங்கீதப் புத்தகம் அது!

அவர் காகிதத்தில் போட்ட குறியைத்தான், இன்று கட்டத்துக்குள் போட்டாக வேண்டும்.

தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்சமம் 200 என்றால், அது கணக்குப்படி 240. ஆனால் 240 என்று எழுதி நிறுத்திவிட்டால் அது தோடி ஆகாது. ஆர்மோனியத்தின் காந்தாரம்தான் வரும்! தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே, அதாவது சுமார் 213-க்கும் 267-க்கும் நடுவே, ஆட வேண்டும்.

ஆட்டிவிட "லைன்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "267 150" என்று அதற்கு எழுதி அனுப்பினால், 150 மில்லி விநாடிக்குள் 267-க்கு வழுக்கிக்கொண்டு போகும். மறுபடி 213-க்கு இறங்கச் சொல்லலாம்.

ஆனால் 150 சரிதானா? மேலே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? கீழே எவ்வளவு? வேகம் கூடினால் குளிர் நடுக்கம் போல இருக்கும். குறைந்தால் ஒப்பாரி போல இழுக்கும். இதைச் சாப்ட்வேர் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டியில் வாழ்ந்து, 1964-ம் ஆண்டில் மறைந்த நாகசுரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலத்தின் ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு காந்தாரத்தை மட்டும் வெட்டி எடுத்து, கம்ப்யூட்டரில் நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டால், சுரம் ஏறுவதும் நிற்பதும் இறங்குவதும் தனித்தனியாகக் காதில் விழும். அந்த நேரத்தை எண்ணி, நாலால் வகுத்துக் கட்டத்தில் எழுதிப் பார்க்கலாம்.