டாங்கின் மேல் ஒரு பை

தில்லியில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் இடம் அது. அந்தப் படையில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஆகவே அந்தப் பெயரில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். சாம்பார் வெங்காயம், முருங்கைக்காய், வாழைப்பூ, வாழை இலை, நல்ல தேங்காய், மீன் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால், ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும்கூட அங்கே தேடிப் போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட் வாசலில் பத்து நிமிஷம் நின்று, மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறவர்களைப் பாருங்கள். ஹாண்டில் பாரின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பை தொங்கும். இடப்பக்கம் நாலு தேங்காய், வலப்பக்கம் காய்கறி. பின்னால் மனைவி, அவர் மடியில் வாழை இலைச் சுருள். அப்படியே ரிங் ரோட்டில் ஏறிவிடுவார்கள். இந்தப் பைகளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஹாண்டிலில் தொங்கும் சுமைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஹாண்டில் திரும்பும்போது சுமையும் சேர்ந்து திரும்பும். திரும்பிய பிறகும் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் நேராக முன்சக்கரத்துக்குப் போகிறது. நிதானமாகப் போகையில் ஒன்றும் தெரியாது. சட்டென்று ஒரு பஸ் குறுக்கே வந்து, நாம் ஹாண்டிலை ஒடித்தால், பை டாங்குக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். வலது கைப்பக்கம் மாட்டிய பையின் வார், முன் பிரேக் லீவரையோ ஆக்ஸிலரேட்டரையோ பிடித்துக்கொள்ளலாம். பை கொஞ்சம் நீளமாக இருந்து சக்கரத்தின் கம்பிகளுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை குறைவு. அரசு ஊழியர் வீட்டில் பஜாஜ் ஸ்கூட்டர் இருந்தது. காலடியில் பலகைபோல இடம்; இரண்டு பைகளை அங்கே நிறுத்திவிட்டு, முழங்காலால் அணைத்துக்கொண்டு வந்துவிடலாம். இன்றும் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகலாம். மோட்டார் சைக்கிளில் அந்த இடத்தில் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. பின்சீட்டில் பையைக் கட்டலாம் என்றால் அங்கே குடும்பம் உட்கார வேண்டும். பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் காரியரில் அதிகச் சுமை ஏற்றினால் முன்சக்கரம் லேசாகிவிடும். மிச்சம் இருப்பது பெட்ரோல் டாங்கின் முதுகுதான்.

டாங்க் வண்டியின் சட்டத்தோடு இறுகியிருக்கிறது, ஹாண்டிலோடு திரும்புவதில்லை. வண்டியின் நடுப்பாகத்துக்கு அருகில் இருப்பதால், அங்கே வைக்கும் எடை வண்டியின் நிலையை அதிகம் குலைப்பதில்லை. நெடுந்தூரப் பயணம் போகிறவர்கள் டாங்கின் மேல் பை கட்டுவது இதனால்தான். இது வெளிநாட்டுக்காரர் கண்டுபிடித்த சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பக்கம் மோட்டார் சைக்கிள்களில் கறுப்பு ரெக்ஸின் டாங்க் கவர் பார்த்திருப்பீர்கள். டாங்குக்குச் சட்டை போட்டது மாதிரி இருக்கும். ஜிப் வைத்த சின்னப் பைகளும் அதில் தைத்திருப்பார்கள். வண்டியின் காகிதங்கள், துடைக்கும் துணி, பிளக் ஸ்பானர் எல்லாம் அதற்குள் அடங்கும். இன்றைய டாங்க் பை அந்தக் கவரின் வளர்ந்த பிள்ளை.

வாங்கப் போகுமுன் வீட்டில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துவந்து உங்கள் டாங்கின் மேல் நாலைந்து இடங்களில் வைத்துப் பாருங்கள். கடைகளில் அதிகம் காட்டுவது காந்தம் வைத்த பைதான். பையின் இறக்கைகளில் காந்தத் தகடுகள் இருக்கும், வைத்தவுடன் கப்பென்று பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் பங்கில் ஒரு நொடியில் தூக்கிவிடலாம். ஆனால் அது பிடிப்பது இரும்பை மட்டும். இப்போது பல வண்டிகளில் டாங்கின் மேல் பிளாஸ்டிக் மூடி அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள். சிலவற்றில் டாங்கே அலுமினியம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், பெயிண்ட் மறைத்துவிடும். என்னுடையது புல்லட், இரும்பு டாங்க். காந்தம் நன்றாகவே பிடிக்கிறது. உங்கள் டாங்கில் பிடிக்கவில்லை என்றால் வார் வைத்த பையை வாங்குங்கள். ஒரு வார் முன்னால் ஹாண்டிலின் கழுத்தடியில் வண்டிச் சட்டத்தைச் சுற்றிவரும், மற்றொன்று சீட்டுக்கு அடியில் போகும். முன் வாரைக் கட்டும்போது கேபிளையோ வயரையோ சேர்த்து இறுக்கிவிடக் கூடாது. மூன்றாவது வகையும் உண்டு. பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள திருகுகளில் ஒரு வளையத்தைப் பூட்டிவிடுவார்கள்; பையின் அடியிலுள்ள பூட்டு அதில் மாட்டிக்கொள்ளும். பெயிண்டின் மேல் பை உரசாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்த வளையம் கிடைக்க வேண்டும், விலையும் கூடுதல். வாரம் ஒருமுறை மார்க்கெட் போகிறவருக்கு அது தேவையா என்பது என் சந்தேகம்.

காந்தத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் காந்தப் பையை மார்போடு அணைத்துத் தூக்கக் கூடாது. வீட்டுப் பெரியவர் எவரிடமாவது 'கொஞ்சம் பிடியுங்கள்' என்று அதைக் கொடுக்கும் முன் இது நினைவிருக்கட்டும். காந்தப் பட்டை உள்ள வங்கி அட்டையை அந்த இறக்கைகளின் பக்கத்தில் வைக்க வேண்டாம். அப்புறம் தூசி. மே, ஜூன் மாதங்களில் ஆந்தி அடித்த மறுநாள் தில்லியில் எந்த வண்டியின் மேலும் ஒரு விரல் கோடு போடலாம். அந்தத் தூசியில் இருக்கும் இரும்புத் துகள்களைக் காந்தம் தேடிப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதன்மேல் பை அசைந்தால் பெயிண்டுக்கு உப்புக் காகிதம் தேய்த்தது மாதிரிதான். ஈரத் துணியால் டாங்கையும் பையின் அடிப்பாகத்தையும் துடைத்துவிட்டு வைப்பது நல்லது. கண்ணாடிபோன்ற பிலிம் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

பை வாங்குவதற்குக் கரோல் பாக் போகலாம். மோட்டார் சைக்கிள் சாமான்களுக்கு அந்தத் தெருக்கள் பேர் போனவை. லடாக் போகிற பையன்கள் அங்கேதான் வண்டிக்கு அலங்காரம் செய்துகொள்கிறார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே போங்கள், பஸ்ஸில் போகாதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பையைக் கடைவாசலில் உங்கள் வண்டியில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். காலிப் பையாக வேண்டாம். பழைய துணியோ காகிதமோ அடைத்து, நிறைந்த பையாகப் பாருங்கள். பிறகு ஹாண்டிலை இடது கோடிவரை திருப்புங்கள், வலது கோடிவரை திருப்புங்கள். எங்கும் இடிக்கக் கூடாது. ஹாரன் பொத்தானைப் பை அழுத்தக் கூடாது. (அழுத்தினால் முதல் திருப்பத்திலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும்.) வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். ஹாண்டில் திரும்பும்போது எஞ்சின் சத்தம் ஏறினால், பையோ வாரோ ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுக்கிறது என்று அர்த்தம். அந்தப் பை எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

அடுத்து, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். தலையைக் குனியாமல் ஸ்பீடாமீட்டர் தெரிய வேண்டும். நம்மில் பலர் நடுத்தர உயரம். நீளக் கைகால் உள்ளவர்களுக்கு என்று தைத்த உயரமான பை நம் மார்பில் முட்டும். விளம்பரத்தில் எத்தனை லிட்டர் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய தினசரித் தாளை டாங்கின் மேல் விரித்து, பை உட்காரக்கூடிய தட்டையான பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போனால், கடையில் அரைமணிப் பேச்சு மிச்சமாகும். பழைய மாடல் வண்டிகளில் பெட்ரோல் மூடியிலேயே காற்றுத் துளை இருக்கும். பை அதை இறுக அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காமல் வண்டி நடுவழியில் திணறி நின்றுவிடும். பையின் அடிப்பாகம் மூடியின் மேல் படிந்து ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

துணி, தையல் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்மணிகளின் கண் கூர்மை. அவர்களைக் கூட்டிப் போவது உத்தமம். கெட்டி நைலான் துணி, வார் தைத்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரட்டைத் தையல், கையுறை போட்ட விரலால் இழுக்கக்கூடிய பெரிய ஜிப், இவ்வளவும் இருந்தால் போதும். 'வாட்டர் ப்ரூஃப்' என்று சொல்லுவார்கள். துணி தண்ணீரைத் தடுக்கும், தையல் துளை தடுக்காது. மழைக்குத் தனி உறை கொடுக்கிறார்களா, அதற்குக் கீழே இழுத்துக் கட்ட நாடா இருக்கிறதா என்று கேளுங்கள். நாடா இல்லாத உறை காற்றில் பறந்து ஓட்டுபவர் முகத்தில் அடிக்கும்.

ஒரு சங்கடமான விஷயமும் சொல்லவேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் டாங்கின் முதுகு குழந்தையின் சிம்மாசனம். எல்லோரும் அப்படி உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தாம். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஓட்டுபவர் தவிர ஒருவர் மட்டுமே போகலாம், அவரும் ஓட்டுபவருக்குப் பின்னால் முறையான சீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது. 2022இல் வெளியாகி 2023 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த விதியின்படி, ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் அதற்குப் பட்டைக் கச்சையும் ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. டாங்கில் பை வந்து உட்கார்ந்தால் குழந்தைக்கு அங்கே இடம் இல்லாமல் போகிறதே என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். எனக்கு அது குறையாகப் படவில்லை.

இனி மார்க்கெட் சாமானுக்கு வருவோம். டாங்க் பையில் நான் நாலு கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. பையின் சீட்டில் அதற்கும் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. கனமானது கீழே, முன்பக்கமாக. அப்பளமும் முறுக்கும் மேலே. சாம்பார் வெங்காயம், இஞ்சி, புளி, பருப்பு, மிளகாய் வற்றல் இவையெல்லாம் டாங்க் பைக்கென்றே பிறந்த சரக்குகள். தேங்காய் இரண்டு போதும், துண்டில் சுற்றி அடியில் வையுங்கள். அதற்கு மேல் வாங்கினால் மற்றது பின்னால் இருப்பவரின் முதுகுப் பைக்குப் போகட்டும். காரணம், வண்டி எதிரே எதன்மீதாவது மோதினால் ஓட்டுபவரின் உடல் முன்னால் சரிந்து முதலில் இடிப்பது இந்தப் பையில்தான். ஆகவே கத்தி, அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, ஊறுகாய்ப் பாட்டில் எதுவும் வயிற்றுக்கு நேரே இருக்கக் கூடாது. முருங்கைக்காயைக் கடைக்காரரிடமே இரண்டாக ஒடித்துத் தரச் சொல்லுங்கள், ஜிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு வர வேண்டாம். வாழை இலைக்கு இதில் வழியில்லை. அது மடியிலேயே வரட்டும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. கீழே எஞ்சின், மேலே தில்லி வெயில். இரண்டுக்கும் நடுவே பை. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வீடு சேர்வதற்குள் துவண்டுவிடும், ஈரத் துணியில் சுற்றி மேலாக வைத்தால் தேறும். பாக்கெட் இட்லி மாவை ஜூன் மாதத்தில் டாங்க் பையில் வைத்துப் போக்குவரத்து நெரிசலில் முக்கால் மணி நின்றால், மாவு வழியிலேயே பொங்கத் தொடங்கிவிடும். நெய் உருகுவதைப் பற்றிக் கவலையில்லை, மூடி மட்டும் இறுக்கமாக இருந்தால் சரி.

மீன் வாங்குகிறவர்கள் அதை டாங்க் பையில் வைக்கவே வேண்டாம். எத்தனை பிளாஸ்டிக் உறை போட்டாலும் ஐஸ் கரைந்த தண்ணீர் தையல் வழியே இறங்கி, பைக்கும் பெயிண்டுக்கும் நடுவே தங்கும். அந்த வாசனை பிறகு பையை விட்டுப் போகாது. வண்டியின் பக்கவாட்டில் இரும்புப் பெட்டி பூட்டியிருப்பவர்கள், இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றை அதற்குள் நிரந்தரமாக வைத்திருங்கள். பெட்டி இல்லாதவர்கள் மீனைக் கடைசியாக வாங்கி, தூக்கில் ஐஸோடு போட்டு மூடி, பின்னால் உட்காருகிறவரின் முதுகுப் பையில் நேராக நிற்கும்படி வைத்துவிடுங்கள்.