சோடியம் குறையும்போது, பொட்டாசியம் கூடும்போது

நேற்றுவரை நன்றாக இருந்த பாட்டி, திடீரென்று பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார். நடை தள்ளாடுகிறது. பக்கவாதமோ என்று பதறி ஓடிய வீட்டாரிடம், ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், "சோடியம் குறைஞ்சிருக்கு" என்கிறார்.

உடனே பழி உப்பில்லாச் சாப்பாட்டின் மேல் விழும். பெரும்பாலும் அது உண்மையல்ல. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். உடலில் தண்ணீர் மிஞ்சினால் இருக்கிற சோடியமும் நீர்த்துப்போகும். நீர் பிரியத் தரும் சில பி.பி. மாத்திரைகள், மனச்சோர்வு மருந்துகள், நிமோனியா எல்லாம் இதற்கு வழிவகுக்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து எடை கூடியவர்களே அதிகம் சிக்கினார்கள்.

சோடியம் சட்டென்று இறங்கினால் மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்து வீங்கும், வலிப்பு வரலாம். பல நாள் குறைந்திருந்ததை அவசரமாக ஏற்றினாலோ மூளைத்தண்டு நரம்புகளின் உறை சிதையும். அதனால்தான் மருத்துவர்கள் மணிக்கணக்குப் பார்த்து மெதுவாக ஏற்றுகிறார்கள். வீட்டிலேயே உப்புக் கரைசல் கொடுத்துச் சரிசெய்யப் பார்ப்பது ஆபத்து.

பொட்டாசியத்தின் கதை வேறு. அதில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது; ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். செல் சவ்விலுள்ள ஒரு புரதம் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டுக்கால் நரம்புகளை ஆராய்ந்து 1957இல் இந்தப் புரதத்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நோபல் பரிசு 1997இல்தான் வந்தது.

மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானால் பொட்டாசியம் ஏறி, முன்னறிவிப்பே இல்லாமல் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். அதனால் மற்றவர்களுக்கு நல்லதான, பொட்டாசியம் நிறைந்த இளநீர் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிறுநீரக நோயாளி வீட்டில் அந்தப் பாக்கெட்டை வாங்கும் முன் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும். உருளைக்கிழங்கைச் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். அந்தத் தண்ணீரைக் குழம்பில் சேர்க்கக் கூடாது.