சிறு கடல்மீன் தொட்டியில் யாரை யாருடன் வைப்பது?

2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படம், ஆரஞ்சு மேனியில் வெண்பட்டைகள் தாங்கிய கோமாளி மீனை உலகெங்கும் குழந்தைகளின் தோழனாக்கிற்று. பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இணங்கி வீட்டில் கடல்மீன் தொட்டி அமைக்க எண்ணும் பெற்றோர், எதனை எதனோடு சேர்ப்பது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

நூறு லிட்டர் கொள்ளும் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று நான்கு சிறு மீன்களுக்கு மேல் விடலாகாது. நீரை நிரப்பிய மறுநாளே மீன்களை விடுவதும் தவறு. மீன்களின் கழிவில் தோன்றும் அம்மோனியா கொடிய நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அத்துணைப் பொறுமை இல்லாத வீட்டிற்கு நன்னீர் மீனே போதும் என்போம்.

கோமாளி மீன்களில் ஓரிணை போதும். இவை யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் வலியது பெண்ணாக மாறுகிறது. எனவே, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரு இளங்குஞ்சுகளை வாங்கினால் அவை தாமே இணையாகிவிடும். கடற்சாமந்தி இன்றியும் அவை நலமாக வாழும். புதிய தொட்டியில் கடற்சாமந்தியை வைக்கவே வேண்டாம். அதற்கு மிகுந்த ஒளி வேண்டும்; இடம்விட்டு நகர்ந்து அண்டை உயிர்களைக் கொட்டும்; மடிந்தாலோ நீர் முழுவதையும் கெடுத்துவிடும்.

காண்பதற்கு இனியது உளுவை மீனும் பிஸ்டல் இறாலும் நடத்தும் குடித்தனம். பார்வை மங்கிய இறால் மணலில் வளை தோண்டுகிறது. உளுவை வாயிலில் காவல் நிற்கிறது. இறால் தன் உணர்கொம்பு ஒன்றை மீனின் மேல் வைத்தபடியே வேலை செய்யும். ஆபத்து நெருங்கினால் மீன் வாலை அசைக்கும்; இருவரும் வளைக்குள் மறைவர். எல்லா உளுவைகளும் இவ்வாறு இறாலோடு கூடி வாழ்வதில்லை. கடைக்காரரிடம் கேட்டு, அதற்குரிய இனத்தையே வாங்க வேண்டும்.

அதே படத்தில் வரும் நீல ‘டோரி’ ஓரடி நீளம் வரை வளரக்கூடியது. சிறு தொட்டி அதற்குச் சிறைக்கூடமே. சிங்க மீன் சிறு மீன்களையும் இறால்களையும் விழுங்கிவிடும். அதன் முட்களில் நஞ்சும் உண்டு. டாம்சல் மீன் விலை மலிவு, உடல் உறுதி; ஆனால் பின்வரும் மீன்களையெல்லாம் விரட்டித் துன்புறுத்தும். சாதுவானவற்றை முதலிலும் முரடானவற்றை இறுதியிலும் விடுவதே முறை.

பாசியைத் தின்னும் நத்தைகளும் துறவி நண்டுகளும் பயனுள்ளவை. நண்டுகளுக்கு வெற்றுச் சிப்பிக் கூடுகள் சிலவற்றை இட்டு வையுங்கள். இல்லையேல் கூட்டிற்காக நத்தையையே கொன்றுவிடும். மீன்நோய்க்குச் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் மடியும். நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே மருந்திட வேண்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. துப்புரவு இறாலின் வெற்றுத் தோல் கிடப்பதைக் கண்டு பிள்ளைகள் அழக்கூடும். அது சட்டையுரித்துவிட்டுப் பாறையிடுக்கில் ஒளிந்திருக்கும்.

கடல்குதிரை, கடல் அட்டை, பவளம் ஆகியவை 2001ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து எடுத்த பவளப்பாறை என்று யாரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள். கோமாளி மீனைப் பண்ணைகளில் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கிறார்கள். அத்தகைய குஞ்சுகள் தொட்டி நீருக்கும் உலர்ந்த தீனிக்கும் பழகியவை, கேட்டு வாங்குங்கள்.