பெல்ட் போடுற இடம் இல்ல, பாக்கெட் இருக்குற இடம்

பைக்ல இருந்து தூக்கி எறியப்பட்டு ஒருத்தர் ரோட்டுல கிடக்கிறார். தரையில ரத்தமே இல்ல. ஆனா முகம் வெளுத்துப்போய், உடம்பு சில்லுன்னு வேர்க்குது. "அடி ஒண்ணும் பெருசா இல்லப்பா"ன்னு நாலு பேர் தூக்கி உட்கார வைப்பாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சிருந்தா, ஆளைக் கொல்றது அதுவாகூட இருக்கலாம்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். அதோட உள்பக்கத்தை ஒட்டி சிரைகள் வலை மாதிரி போகுது. வளையம் பலமா உடைஞ்சா இதெல்லாம் கிழியும். ரத்தம் வெளியே வராம வயித்துக்குப் பின்னால லிட்டர் கணக்குல தேங்கும். நம்ம உடம்புல மொத்தமே சுமார் 5 லிட்டர்தான்.

தமனியும் கிழியலாம், அது ரொம்ப மோசம். ஆனா பெரும்பாலும் கசியிறது சிரையில இருந்தும் உடைஞ்ச எலும்பு முனையில இருந்தும்தான். சிரையில அழுத்தம் கம்மி. சுத்தி இடம் இறுக்கமா இருந்தா கசிவு அடங்கி உறைய வாய்ப்பு இருக்கு. வளையம் புத்தகம் மாதிரி திறந்துகிட்டா, ரத்தம் போய்ச் சேர இடமும் பெருசாகுது.

அதனால முதல் வைத்தியமே ஒரு கட்டுதான். பெல்விக் பைண்டர்னு அகலமான பட்டை. இல்லேன்னா மடிச்ச பெட்ஷீட். எங்கே கட்டணும்ங்கிறதுலதான் தப்பு நடக்குது. பேன்ட் பாக்கெட் பக்கம் வெளிப்புறமா கை வச்சா தொடை எலும்போட முண்டு தட்டுப்படும், அந்த மட்டத்துல. மேலே இடுப்புல கட்டினா வளையம் சரியா மூடாது.

இன்னொண்ணு, உடைஞ்சிருக்கான்னு பார்க்க இடுப்பை அமுக்கி ஆட்டக்கூடாது. முதல்ல உறைஞ்ச ரத்தக்கட்டி கலைஞ்சிடும். லைவ்ல ஓடுற சர்வரை "ஓடுதா பார்ப்போம்"னு ரீஸ்டார்ட் பண்ற மாதிரி!

ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்துவாங்க. டிரானெக்ஸாமிக் ஆசிட் போடுவாங்க. 20,000 பேருக்கு மேல பார்த்த கிராஷ்-2 ஆய்வு (2010) சொன்னது, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன். அப்புறமும் நிக்கலேன்னா உள்ளே துணி வச்சு அடைக்கிறது, இல்ல கதீட்டர் விட்டு கிழிஞ்ச தமனியை அடைக்கிறது.

மகாதமனிக்குள்ள பலூன் ஊதி ரத்தத்தை நிறுத்துற ரெபோவாவும் இருக்கு. 2014ல லண்டன் ஏர் ஆம்புலன்ஸ் டாக்டர்கள் அதை சம்பவ இடத்துலயே பண்ணினாங்க. கேட்டப்போ எனக்கு மெய்சிலிர்த்துது. ஆனா 2023ல வந்த பிரிட்டன் ஆய்வுல, ஆஸ்பத்திரியில ரெபோவா குழுவுல 54% பேர் 90 நாளுக்குள்ள இறந்தாங்க. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்த குழுவுல 42%.

நீங்க அங்கே இருந்தா: 108-க்கு போன். ஆட்டாம படுக்க விடுங்க, போர்த்துங்க. ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட "இடுப்புல அடி"ன்னு சொல்லுங்க. கட்டுறதை அவங்க பார்த்துப்பாங்க.