கோவாவின் பெயரறியா ஓவியன்



புளியந்தீவில், வாவிக் கரையிலே நிற்கும் கோட்டையை நாம் ஒல்லாந்தர் கோட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். செங்கலடியிலிருந்து பட்டணம் போகும் எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் அறிவார்கள். ஆனால் அதனை முதலில் எழுப்பியவர்கள் போர்த்துக்கேயர். 1628ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தீனு டி சா என்னும் தளபதி அதைக் கட்டுவித்தான். பத்தாண்டுகளுக்குள், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கொன்ஸ்தந்தீனு டி சா கொழும்பிலிருந்து ஆண்டான்; அவனுக்கு மேலாணை கோவாவில் வீற்றிருந்த இராசப்பிரதிநிதியிடம் இருந்தது. 1560இல் யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுத்து வந்த கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சாவும் அத்தகைய இராசப்பிரதிநிதியே. இவர்களுடைய உருவப்படங்கள் கோவா அரண்மனையில் வரிசையாகத் தொங்கின. அந்த வரிசையைத் தொடக்கிவைத்த ஓர் ஓவியனைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

1546இல் தியூக் கோட்டை முற்றுகையை முறியடித்த தேசாதிபதி ஜோவான் டி காஸ்திரோ, அடுத்த ஆண்டு பழைய உரோமத் தளபதிகளைப் போலத் தலையில் இலைமுடி சூடிக் கோவா நகருக்குள் பவனி வந்தான். இவன் ஒரு விசித்திர மனிதன். இடிந்த கோட்டையைத் திருத்தப் பணமில்லாதபோது தன் தாடி மயிரை ஈடாக அனுப்பிக் கோவா நகரத்தாரிடம் கடன் கேட்டான். நம்மூரில் வயற்காணியை ஈடு வைப்பார்கள், தாலிக்கொடியையும் வைப்பார்கள். தாடியை ஈடு வைத்தவரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால், முகத்தையும் அதன் மானத்தையும் இவ்வளவு பெரிதாக மதித்தவன், தனக்கு முன் ஆண்ட தேசாதிபதிகள் அனைவரின் முகங்களையும் எழுதி வைக்க விரும்பியதில் வியப்பில்லை.

விருப்பம் எளிது; நிறைவேற்றுவதோ கடினம். முதல்வனாகிய பிரான்சிஸ்கு டி அல்மெய்தா 1510இலும், அல்புகேர்க்கு 1515இலும், வாஸ்கோ டகாமா 1524இலும் இறந்துவிட்டனர். இறந்தவரை எதிரே இருத்தி எழுதுவது எப்படி?

காஸ்திரோ நாடியது கஸ்பார் கொரெய்யா என்பவரை. கொரெய்யா இளமையிலேயே இந்தியாவுக்கு வந்து, அல்புகேர்க்கிடம் எழுத்தராக இருந்து, தேசாதிபதிகளைக் கண்ணாற் கண்டவர். சித்திரம் வரையவும் ஓரளவு அறிந்தவர். ஆயினும், பெரிய மரப்பலகைகளில் ஆளுயரப் படங்களை வண்ணத்தில் எழுத அவர் வேறொருவரைத் தேடிக்கொண்டார். தாம் எழுதிய இந்திய வரலாற்றிலே இதை அவரே சொல்லுகிறார்: இயற்கையாகவே பெருந்திறமை வாய்ந்த, இந்நாட்டைச் சேர்ந்த ஓர் ஓவியன், தாம் சொல்லச் சொல்ல அவன் எழுதினான், அம்மனிதர்களை முன்பு கண்டவர்கள் படத்தைப் பார்த்தவுடனே இன்னாரென்று அறிந்துகொண்டார்கள். அவ்வளவே. தேசாதிபதிகளின் பெயர்கள், குலங்கள், ஆண்ட காலம் எல்லாவற்றையும் விரிவாக எழுதிய கொரெய்யா, இவன் பெயரை எழுதவில்லை.

நேயர்களே, இந்தச் செய்தியில் இரண்டு அற்புதங்கள் இருக்கின்றன.

முதலாவது, காணாத முகத்தைக் கேட்டு எழுதியது. இன்னொருவர் நினைவில் இருக்கும் மூக்கையும் புருவத்தையும் சொற்களின் வழியே வாங்கிப் பலகையில் இறக்குவது இலேசான வேலையன்று. ஐரோப்பிய ஓவியன் ஆளை எதிரே நிறுத்திப் பார்த்து எழுதப் பழகியவன். நம் நாட்டுச் சிற்பிக்கோ தியானசுலோகத்தைக் கேட்டு மூர்த்தியின் கையையும் கண்ணையும் ஆயுதத்தையும் வடிப்பது பரம்பரைத் தொழில். சொல்லிலிருந்து உருவத்தைப் பிறப்பிக்கும் அந்தப் பயிற்சிதான் கோவாவிலும் கைகொடுத்தது என்பது என் கருத்து. இதை நான் ஆவணங்கொண்டு சாதிக்கவில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், வெறுஞ்சொல்லாற் பாடம் கேட்டுப் படம் வரையும் பிள்ளைகளைக் கண்டவன் என்ற முறையிற் சொல்லுகிறேன்.

இரண்டாவது இன்னும் கூர்மையானது. கோவாவில் இந்து ஓவியர்கள் மாதாவின் படங்களையும் புனிதர்களின் படங்களையும் எழுதி வீடு வீடாக விற்று வந்தனர். குருமார் சிலர் இதனை அவமதிப்பென்று கருதி மன்னனுக்கு முறையிட்டனர். 1546 மார்ச்சில் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜோவான் எழுதிய மடலில், அவ்வோவியர் திருவுருவங்களை எழுதலாகாது என்ற தடை வந்தது. அம்மடல் வந்தது யாருக்கு? இதே ஜோவான் டி காஸ்திரோவுக்கு! ஓராண்டு கழிந்ததும், அதே தேசாதிபதியின் அரண்மனையிலே, பிரபுக்களின் முகங்களை எழுத இந்நாட்டுக் கையே வேண்டியிருந்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, தேவை மறுபுறம் வாயிலைத் திறந்துவிட்டது.

அக்காலத்தில் இவன் ஒருவனே இப்படி மறைந்தவன் என்று எண்ண வேண்டாம். கோட்டை இராச்சியத்தின் புவனேகபாகு மன்னன், தன் பேரன் தர்மபாலனுடைய உருவத்தைப் பொன்னாற் செய்து, அதற்கு முடிசூட்டும்படி லிஸ்பன் நகருக்குத் தூது அனுப்பினான். அந்த முடிசூட்டுக் காட்சியைத் தந்தத்திற் செதுக்கிய பேழையொன்று இன்று ஜெர்மனியில் மியூனிக் நகரின் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. அதைச் செய்தவர்களும் இலங்கைக் கைவினைஞரே. அவர்கள் பெயரும் பேழையில் இல்லை.

கோவாப் படங்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்தது வருந்தத்தக்கது. காஸ்திரோ 1548இல் இறந்தான். அவனுக்குப்பின் வந்த ஒவ்வொரு தேசாதிபதியும் தன் படத்தையும் சேர்த்து வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. வரிசை நூற்றாண்டுகளாக நீண்டது. ஆனால் கோவாவின் ஈரமும் செல்லும் மரப்பலகையை விடுமா? பழுது தோன்றிய போதெல்லாம் யாரோ ஒருவர் தூரிகையை எடுத்தார். முகத்தின் மேல் முகம், கவசத்தின் மேல் கவசம் என்று வண்ணம் ஏறியது. பழைய கோவா பாழ்பட்டு ஆட்சிபீடம் பஞ்சிமுக்கு மாறியபோது படங்களும் இடம்பெயர்ந்தன. 1950களிற் சில பலகைகள் லிஸ்பனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஊடுகதிரால் ஆராயப்பட்டன. மேற்பூச்சின் கீழே பழைய கோடுகள் தென்பட்டன. மேலே தெரிந்த முகம் வேறு, அடியில் இருந்த முகம் வேறு.

1961இல் கோவா இந்தியாவுடன் சேர்ந்தபின், பழைய கோவாவிலே புனித பிரான்சிஸ் அசிசியாரின் மடத்தில் அமைந்த தொல்பொருட் காட்சிச்சாலைக்கு இப்படங்கள் வந்தன. வாடகைக் காரில் கோவாவைச் சுற்றிப் பார்க்கும் யாத்திரிகர் பெரும்பாலும் எதிரிலுள்ள பேராலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். மடத்துக்குள்ளே சென்றால், சுவர் நெடுகக் கவசமும் கத்தியும் தரித்த தேசாதிபதிகள் நிற்கிறார்கள்; படங்களில் அவரவர் பெயரும் குலச்சின்னமும் எழுதப்பட்டிருக்கின்றன.